பலகையைப் பார்க்காதே, பங்கைப் பார்!



கஞ்சமலை யாருடையது? கொல்லிமலை யாருடையது? சங்ககிரியின் சுண்ணாம்புப் பாறை யாருடையது? பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் "நம்முடையது" என்று பட்டென்று பதில் சொல்லும். பாவம், பிள்ளை! பங்குப் பத்திரம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது.

மலை நம் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அந்த மலையின் வயிற்றிலே உள்ளதை எந்த ஆண்டில் தோண்டுவது, எந்த ஆண்டில் நிறுத்துவது, என்ன விலைக்கு விற்பது, யாரை வேலைக்கு வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்றெல்லாம் முடிவு கட்டும் மேசை ஒன்று இருக்கிறதே, அந்த மேசை ஒரு காலத்தில் இலண்டனில் இருந்தது. பிறகு டில்லிக்கு வந்தது. பிறகு மும்பைக்குப் போயிற்று. நடுவிலே மீண்டும் இலண்டனுக்கே ஒரு நடை போய் வந்தது! சேலத்துக்கு மட்டும் அந்த மேசை வந்ததே இல்லை.

"பெரிய கம்பெனி யார் கையில் இருந்தால் நமக்கென்ன? உழைக்கிறோம், கூலி வாங்குகிறோம்" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறேன். உன் கூலியை நிர்ணயிப்பவர் யார்? மானேஜர். அவரை நியமித்தவர்? டைரக்டர்கள். அவர்களை அமர்த்தியவர்? பங்குதாரர்கள். நூறு பங்கிலே ஐம்பத்தொன்றை வைத்திருப்பவன் சொன்னதுதான் சட்டம். மற்ற எழுபதும் ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடந்தால், முப்பது பங்கு உள்ளவனே மன்னன்! அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மறுமுனை எந்த ஊரில், எவர் விரலில் சுற்றியிருக்கிறது என்று தெரியும். கூலியின் கதை அங்கேதான் எழுதப்படுகிறது.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். சேலம், கோவைச் சீமையிலே கம்பெனியின் வாணிபத்தைக் கவனித்தவர். நம் கொல்லர்கள் எஃகு செய்வதைக் கூர்ந்து கவனித்தார். கஞ்சமலைக் கல்லை உடைத்து, கழுவி, மண் உலையில் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பை மண் குகையிலே போட்டு, ஆவாரங்குச்சி வைத்து, மேலே பச்சை எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, மூட்டம் போட்டார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே எஃகு! ஐரோப்பியப் பண்டிதர்கள் ஆராய்ச்சி செய்து வியந்த பொருளை, நம் கொல்லன் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் கொண்டு செய்தான். இதை ஹீத்தே எழுதி வைத்திருக்கிறார். 1839-இல் அந்தக் கட்டுரை இலண்டனில் அச்சாயிற்று.

கொல்லனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை! ஹீத்துக்குக் கிடைத்தது தனியுரிமை. சென்னை மாகாணத்திலே ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் உரிமை அவருக்கே என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது, கடனும் கொடுத்தது. 1830-இல் பரங்கிப்பேட்டையிலே ஆலை எழும்பிற்று. சேலத்துக் கல் ஆற்று வழியாகக் கடற்கரைக்குப் போயிற்று. கரிக்காகக் காடுகள் வெட்டுண்டன. காய்ச்சிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. 1850-இல் வேல்ஸ் நாட்டில் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்திலே பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று ஏடுகள் கூறுகின்றன. நம் ஊர்க் கல் அந்நியன் நீரிணைக்குப் பாலமாயிற்று!

பிறகு 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதுப் பெயர், புதுப் பங்கு. கரி தீர்ந்தது. சீமையிலே நிலக்கரி கொண்டு மலிவாக இரும்பு வந்தது. 1870-களில் கடை கட்டியாகிவிட்டது. ஹீத்தின் முடிவும் பரிதாபமானதுதான். எஃகிலே மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் அதைச் சுருட்டிக்கொண்டார்கள். வழக்காடி வழக்காடி, ஓட்டாண்டியாகி 1851-இல் செத்தார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. கொல்லனின் வித்தையைப் பார்த்து எழுதியவரின் வித்தையை வேறொருவர் பறித்தார். சிறிய மீனைப் பெரிய மீன் விழுங்க, பெரிய மீனைத் திமிங்கிலம் விழுங்கிய கதை.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

வெள்ளையன் போனான். திட்டங்கள் வந்தன. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலே உருக்காலைகள் மூன்று. ரூர்கேலாவிலே ஜெர்மன்காரர் உதவி, பிலாயிலே ரஷ்யர் உதவி, துர்க்காப்பூரிலே ஆங்கிலேயர் உதவி. நல்ல காரியம்; வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானம் இரும்பும் உருக்கும் இனி சர்க்கார் பொறுப்பு என்றது. அதையும் வரவேற்கலாம். ஆனால் சேலத்துக்கு? கஞ்சமலையில் இரும்புக் கல் இருக்கிறது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, இரண்டையும் இணைத்து உருக்காலை வை என்று தமிழகம் கேட்டது. கேட்டது என்றா சொன்னேன்? கெஞ்சிற்று; வாதாடிற்று; அறிக்கை மேல் அறிக்கை எழுதிற்று. குழு வந்தது, பார்த்தது, போயிற்று. அடுத்த குழு வந்தது.

1967-இல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டு ஜூலையிலேயே சேலம் உருக்காலைக்காகவும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் நடந்தது. ஆளும் கட்சியே தெருவுக்கு வந்து டில்லியைக் கேட்ட நிகழ்ச்சி அது. 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி பாராளுமன்றத்திலே சேலம், விசாகப்பட்டினம், விஜயநகர் என்று மூன்று ஆலைகளை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சேலத்தில் அடிக்கல் நாட்டினார். முதல்வர் கலைஞர் உடனிருந்தார். மக்கள் மகிழ்ந்தார்கள். ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். மானாவாரியிலே சோளமும் நிலக்கடலையும் போட்ட குடியானவர்கள். "ஆலை வருகிறது, பிள்ளைக்கு வேலை வருகிறது" என்ற ஒரே நம்பிக்கையில் கைநாட்டு வைத்தார்கள்.

அடிக்கல் 1970-இல். ஆலை ஓடியது 1981-இல்! பதினோரு ஆண்டு! அடிக்கல் நாட்டியபோது பிறந்த குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. சரி, வந்த ஆலையாவது கேட்ட ஆலையா? கேட்டது கல்லை உருக்கி இரும்பாக்கி, இரும்பை உருக்கி எஃகாக்கும் முழு ஆலை. கொடுத்தது, வெளியிலிருந்து வரும் எவர்சில்வர்ச் சுருளைக் குளிர்நிலையில் தட்டையாக்கி மெருகேற்றும் ஆலை. ஆண்டுக்கு 32,000 டன். ஊரார் அதற்கு 'இரும்பாலை' என்று பெயர் வைத்து, பஸ் பலகையிலும் எழுதிக்கொண்டார்கள். இரும்பாலை உண்டு, இரும்பு உருக்கும் உலை இல்லை! அடுப்பில்லாத வீட்டுக்குச் சமையற்கட்டு என்று பெயர் வைத்தது போல.

அப்படியிருந்தும் சேலத்துத் தொழிலாளி அந்த ஆலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தான். சேலம் எவர்சில்வர் என்றால் நாடெங்கும் மதிப்பு. கலியாணச் சீர்வரிசையில் குடத்திலும் தூக்கிலும் அந்தத் தகடு மின்னியது. 1990-களில் நாணயத்துக்கான வில்லைகளையும் இங்கே வெட்டினார்கள். உங்கள் சட்டைப் பையில் பழைய காசு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சேலத்து உழைப்பைத் தொட்டுப் பார்த்ததாக இருக்கலாம். 1995-இல் சூடாக உருட்டும் ஆலை சேர்ந்தது. எஃகு உருக்கும் கூடம் வந்தது எப்போது தெரியுமா? 2010-இல்! ஆலை ஓடத் தொடங்கி 29 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கஞ்சமலைக் கல் உயர்ந்த ரகம் அன்று. அதிலே இரும்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பொடியாக்கி, காந்தத்தால் பிரித்து, உருண்டை பிடித்துத்தான் உலையிலே இட முடியும். எவர்சில்வருக்கு வேண்டிய நிக்கலோ வெளிநாட்டுச் சரக்கு. எல்லாப் பழியையும் டில்லியின் தலையிலே போடுவதற்கில்லை. இன்னொன்றும் உண்டு. 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை, இரும்புக்கும் எஃகுக்கும் நாடெங்கும் ஒரே விலை என்ற ஏற்பாடு இருந்தது. அதனால் இழந்தது பீகாரும் வங்காளமும். நம் பட்டறைகளுக்கு அது உதவியது. எதிரி மேடையில் இதை எடுத்து வீசுவான். நாம் முன்னதாகவே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆனால் கேள்வி வேறு. கல் மட்டமானது, உலை வைத்தால் கட்டுபடியாகாது என்கிறார்களே. சேலம் மாவட்டத்திலே மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஊதுலை எரிகிறது! வெளியூரிலிருந்து கல்லைக் கொண்டு வந்து, உருக்கி, ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவுக்கு எஃகு செய்யும் ஆலை. சதர்ன் அயர்ன் அண்டு ஸ்டீல் கம்பெனி என்ற பெயரில் இருந்தது. 2008 வாக்கில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனியோடு இணைந்துவிட்டது. சர்க்காருக்கு ஆகாதது தனியாருக்கு ஆகிறதே, எப்படி? பணம் போட வேண்டிய காலத்தில் போட்டார்கள். சேலத்து இரும்பாலையைப் பெற்ற தாயோ அதை மாற்றாந்தாய் போல வளர்த்தாள். பெரிய மகன்கள் பிலாய், பொக்காரோ, ரூர்கேலா, துர்க்காப்பூர், பர்ன்பூர் ஆகியோருக்குப் பால்சோறு. கடைக்குட்டிக்குக் கஞ்சித் தண்ணீர். பிறகு, "இந்தப் பிள்ளை நோஞ்சான், விற்றுவிடலாம்" என்று தீர்ப்பு!

விற்கத்தான் பார்த்தார்கள். 2016-இல் டில்லி மந்திரிசபை கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. 2019 ஜூலையில் "வாங்க விரும்புவோர் வரலாம்" என்று விளம்பரமே வந்துவிட்டது. சேலம், துர்க்காப்பூர் அலாய் ஸ்டீல், பத்ராவதி என மூன்று ஆலைகளும் சேர்ந்து சந்தைக்கு வந்தன. பத்ராவதியின் கதை என்ன? விசுவேசுவரய்யா காலத்தில் மைசூர் அரசு தன் சொந்தப் பணத்தில் எழுப்பி, 1923-இல் இரும்பு காய்ச்சிய ஆலை. ஒரு சமஸ்தானம் தானே கட்டிக் காத்ததைக் கூட்டுக் குடும்பத்தில் சேர்த்தார்கள். சேர்த்தபின் சந்தைக்கு ஓட்டினார்கள். சேலத்துத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்தார்கள். நிலம் கொடுத்தவர்களும் வந்தார்கள். ஆலை விலை போகவில்லை. இன்றும் செயில் பலகைதான் வாசலில் இருக்கிறது.

அந்தச் செயிலும் முழுக்கச் சர்க்காருடையது அன்று. நூற்றுக்கு 65 பங்குதான் டில்லியிடம். மீதி சந்தையில். பொதுத்துறை என்று நாம் சொல்லும்போதே அதிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயுள் இன்ஷ்யூரன்சிடமும், நிதிக் கம்பெனிகளிடமும், தனியாரிடமும் இருக்கிறது. பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தனியாரிடம் போனால் என்ன ஆகும் என்று அறிய ஜோதிடம் தேவையில்லை. மேட்டூருக்குப் போங்கள்.

சென்னை அலுமினியம் கம்பெனி, ஊரார் வாயிலே மால்கோ. இத்தாலி நாட்டு மாண்டிகாட்டினியின் தொழில்நுட்பத்தோடு 1965-இல் ஓடத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டு வெட்டினார்கள். கீழே மேட்டூரிலே அணையின் மின்சாரம், காவிரியின் தண்ணீர். தென்னாட்டுக்குத் தென்னாட்டு அலுமினியம்! அலுமினிய உருக்கு உலை மின்சாரத்தைக் குடிக்கும் பூதம். மின்வெட்டு வந்தபோதெல்லாம் உலை தவித்தது. கட்டணம் ஏற ஏறக் கம்பெனி நலிந்தது. 1995-இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கிற்று. சொந்த மின் நிலையம் கட்டிற்று. ஆலை மீண்டும் ஓடியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஓடியது! தொழிலாளி நிம்மதிப் பெருமூச்சு விட்டான். அந்தக் குழுமத்தின் தாய்க் கம்பெனியான வேதாந்தா 2003-இல் இலண்டன் பங்குச் சந்தையில் ஏறியது. பாருங்கள், ஹீத் துரையின் மேசை திரும்பவும் இலண்டனில்! ஏற்காட்டிலே கல் வெட்டுகிறவனுடைய நாளைய பிழைப்பு, தேம்ஸ் நதிக்கரையிலே அலுமினியம் இன்று என்ன விலை என்பதில் தொங்கிற்று. 2008-இல் உலகச் சந்தை சரிந்தது. அந்த ஆண்டின் கடைசியிலே மேட்டூர் உலை அணைந்தது. மலையிலே வெட்டும் நின்றது. கம்பெனிக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ஒரிசாவிலே பெரிய ஆலை இருக்கிறது, சத்தீஸ்கரிலே பெரிய ஆலை இருக்கிறது, மேட்டூர் எதற்கு? அதன் கணக்கு அதற்குச் சரி. மேட்டூர்த் தொழிலாளிக்கு ஒரிசாவும் இல்லை, சத்தீஸ்கரும் இல்லை.

சங்ககிரிக்கு வருவோம். இந்தியா சிமெண்ட்ஸ் 1946-இல் சங்கரலிங்க ஐயர் தொடங்கிய கம்பெனி. முதல் ஆலை நெல்லைச் சீமைத் தாழையூத்தில் 1949-இல். இரண்டாவது ஆலை 1963-இல் நம் சங்ககிரியில். முதலாளி நம் ஊரார் என்பதால் தொழிலாளிக்குத் தேனும் பாலும் ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். முதலாளி முதலாளிதான். ஆனால் முடிவெடுக்கும் மேசை சென்னையிலே இருந்தது. கொடி பிடித்துக்கொண்டு போய் வாசலில் நிற்கலாம். 2024 ஜூலையில் அல்ட்ராடெக், அதாவது ஆதித்ய பிர்லா குழுமம், நிறுவனர் குடும்பத்தாரும் அவர்களைச் சேர்ந்தோரும் வைத்திருந்த 32.72 விழுக்காடு பங்கை 3,954 கோடி ரூபாய்க்கு வாங்கப் போவதாக அறிவித்தது. அதற்கு முந்திய மாதமே ஏறக்குறைய 23 விழுக்காட்டைச் சந்தையில் வளைத்தாயிற்று. டிசம்பர் கடைசியில் காரியம் முடிந்தது. சங்ககிரியில் ஒரு சல்லடை நிற்கவில்லை, ஒரு சங்கு கூடுதலாக ஊதவில்லை, உடைமை மாறிவிட்டது! அதே கம்பெனிக்கு ஒரு காலத்தில் சொந்தமாக இருந்த மஞ்சள் சட்டைக் கிரிக்கெட் அணி கைமாறியிருந்தால் ஊரே கொந்தளித்திருக்கும். அந்த அணியை முன்பே தனிக் கம்பெனியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். பந்து தப்பியது, சுண்ணாம்புக் கல் போயிற்று.

இதிலே குடிமகனுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2022-இல் அதானி குழுமம் அம்புஜாவையும் ஏ.சி.சி.யையும் வாங்கியது. இந்தப் பக்கம் பிர்லா, அந்தப் பக்கம் அதானி. நீங்கள் வீடு கட்ட வாங்கும் மூட்டையின் விலையை நாளைக்கு எத்தனை பேர் கூடிப் பேசி முடிவு செய்ய முடியும்? ஒரு காரிலே உட்காரக் கூடிய அளவு பேர்! அரசாங்கத்துக்குச் சொந்தமாக அரியலூரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலை இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். 2021-இல் விலை ஏறியபோது 'வலிமை' என்ற பெயரில் மலிவு சிமெண்டைச் சந்தையில் இறக்க முடிந்தது எதனால்? ஆலை கையில் இருந்ததனால். விலையைக் குறை என்று முதலாளிக்கு மனுக் கொடுப்பது ஒரு வழி. நாமே ஒரு மூட்டையைக் குறைந்த விலைக்கு விற்றுக் காட்டுவது இன்னொரு வழி.

1965-இல் ஏகபோக விசாரணைக் கமிஷன் எழுபத்தைந்து பெருங்குடும்பங்களைப் பட்டியல் போட்டது. 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. பதினான்கு பாங்குகள் நாட்டுடைமையாயின. பட்டியலின் தலைப்பிலே அன்றும் டாட்டா, பிர்லா. இன்றும் அவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலே புதுப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. நம் பக்கத்துப் பெயர்களோ ஒவ்வொன்றாக அழிந்தன. சேலம் பாங்கு 1960-களில் இந்தியன் பாங்கில் கரைந்தது. கரூரில் 1926-இல் நெசவாளர்க்கும் வியாபாரிக்கும் கடன் கொடுக்கப் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கு, 2020 நவம்பரில் சிங்கப்பூர் பாங்கு ஒன்றின் இந்தியத் துணைக் கம்பெனிக்குள் போய்விட்டது.

"எங்கள் நாமக்கல் அப்படி இல்லை" என்று நாமக்கல் தோழர் மீசையை முறுக்குவது தெரிகிறது. உண்மை, நாமக்கல் வேறு சாதிப் பயிர். அங்கே பெரிய முதலாளி வந்து ஆலை கட்டவில்லை. கிளீனர் டிரைவரானான், டிரைவர் ஓனரானான். பட்டறையிலே சம்மட்டி பிடித்தவன் பாடி கட்டும் கூடம் வைத்தான். திருச்செங்கோட்டார் போர்வெல் வண்டியை ஓட்டிக்கொண்டு நாடெங்கும் போனார்கள், ஆப்பிரிக்கா வரை போனார்கள். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

பெருமை இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். லாரி உன்னுடையது. சேஸ் யாருடையது? ஒன்று டாட்டா, இல்லாவிட்டால் லேலண்டு. லேலண்டு எண்ணூரிலே இருக்கிறது, நம்முடையது என்பாய். 1987-இல் இங்கிலாந்துக் கம்பெனியிடமிருந்து இந்துஜா குழுமத்தின் கைக்குப் போனது அது. டயர் அவனுடையது. டீசல் அவனுடையது. பைனான்சு அவனுடையது, மூன்று தவணை தவறினால் வண்டியே அவனுடையது! பாடியாவது நாமக்கல் தச்சனும் வெல்டரும் கட்டினார்கள். இப்போது கேபினையும் கம்பெனியே கட்டி, குளிர்சாதனமும் வைத்து அனுப்புகிறது. 2025 முதல் பெரிய லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயம் என்று சட்டமும் வந்துவிட்டது. டிரைவருக்குக் குளிர்ச்சி வேண்டியதுதான், அதிலே மாறுபாடில்லை. ஆனால் பட்டறைக்காரன் கையிலிருந்த வேலையில் பாதி, சட்டத்தோடு சேர்ந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டதை யார் கவனித்தார்கள்?

சர்க்கார் கம்பெனி என்றால் சின்ன ஓனரிடம் கருணை காட்டும் என்ற எண்ணமும் வேண்டாம். 2025 மார்ச்சுக் கடைசியில் நாமக்கல் கேஸ் டேங்கர் உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். எதிரே நின்றது அம்பானியா? அதானியா? சர்க்கார் எண்ணெய்க் கம்பெனிகள்! புதிய டெண்டர் விதிகள் சிறு உரிமையாளரை நசுக்கும் என்பதுதான் தகராறு. வாங்குபவன் மூன்றே பேர், கொடுப்பவன் ஆயிரம் பேர் என்றால், அந்த மூவர் தலையில் கதர்க் குல்லாய் இருந்தாலும் காந்திக் கண்ணாடி இருந்தாலும், அடி ஆயிரம் பேருக்குத்தான்.

முட்டைக் கதையும் அதே ஜாதகம். 1982-இல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. பண்ணைக்காரர்கள் கூடித் தாங்களே விலை சொல்லும் ஏற்பாடு. மிக நல்ல ஏற்பாடு. பேப்பரிலே விலை வருகிறது. வியாபாரி வந்து 'மைனஸ்' போட்டு எடுத்துப் போகிறான்! கறிக்கோழியில் அதுவும் இல்லை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் கடனும் உன்னுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. பெயர் மட்டும் பண்ணை உரிமையாளர்!

இதற்கு மாற்றே கிடையாதா? உண்டு. அதுவும் நம் சேலத்திலேயே உண்டு. ஜவ்வரிசி ஆலைக்காரர்களை வியாபாரிகள் ஆட்டிப் படைத்த காலம் ஒன்று. கமிஷன் என்பார்கள், தள்ளுபடி என்பார்கள், பணத்துக்கு அடுத்த மாதம் வா என்பார்கள். 1981-இல் ஆலைக்காரர்கள் கூடிச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கு சங்கத்துக் கிடங்குக்கு வரும். வியாபாரி அங்கே வந்து டெண்டர் போட்டு எடுக்க வேண்டும். சரக்கின் பேரில் முன்பணமும் உண்டு. ஒற்றை ஒற்றையாக நின்றபோது நடுங்கியவர்கள், சேர்ந்து நின்றதும் விலை பேசினார்கள். குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆலைக்காரர். குச்சிக்கிழங்கு போட்ட உழவன் அன்று. கிழங்கைக் கொண்டு போய்ப் 'பாயின்ட்' பார்க்கும் இடத்திலே அவன் இன்னும் கைகட்டித்தான் நிற்கிறான். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. மீதியைத் தாண்ட வைப்பது உழவர் அணித் தோழர்களின் வேலை.

ஆகவே, பொதுத்துறை என்றதும் கும்பிடுவதும், தனியார் என்றதும் கல்லெறிவதும் நம் வேலை அன்று. கேட்க வேண்டியதைக் கேட்போம். இரும்பாலையிலே மாநிலத்துக்கு டைரக்டர் உண்டா? தொழிலாளிக்கு மேசையிலே ஓர் இடம் உண்டா? இயந்திரத்தைப் புதுப்பிக்கப் பணம் எப்போது வரும்? பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஒரே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் எப்போது? ஒரே எந்திரம், ஒரே வேலை, ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. கூலி மட்டும் இரண்டு விதமா?

நிலத்தின் கணக்கு மிகப் பெரிது. ஏறக்குறைய 4,000 ஏக்கரிலே ஆலையும் குடியிருப்பும் போகச் சும்மா கிடப்பது எவ்வளவு? 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலம் உரியவனிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்ப வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு இது செல்லாது என்று வக்கீல் வாதாடுவார். வாதாடட்டும். சட்டம் செல்லாவிட்டால் சட்டசபை இருக்கிறது. நாளைக்கு ஆலையை விற்கும்போது, 1970-களில் குடியானவனுக்குக் கொடுத்த அற்பப் பணத்தையும் இன்றைய மனை விலையையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். வாங்குகிறவன் கண் உலையிலா இருக்கும், நிலத்திலா?

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, செயில் நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு மனுப் போடுங்கள். எந்த ஊரில், எந்த சர்வே எண்ணில், எவ்வளவு நிலம் எடுத்தீர்கள்? எதிலே கட்டடம் இருக்கிறது, எது காலியாகக் கிடக்கிறது? கொடுத்தவர் குடும்பங்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள்? முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் அந்தப் பட்டியலைப் படிப்பகத்துச் சுவரிலே ஒட்டுங்கள். நிலம் கொடுத்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சர்வே எண்ணாகப் படித்துக் காட்டுங்கள்.